கேஸ் வாட்டர் ஹீட்டர், ஃபர்னஸ், அடுப்பு: எதை மாற்றினால் பெர்மிட் வேண்டும்? கலிபோர்னியாவில் புதிதாக வீடு வாங்கியவர்களுக்கு

பே ஏரியா தமிழர்களின் வாட்ஸ்அப் குழு எதிலாவது இருப்பவர்களுக்கு இந்தச் செய்தி பழகியிருக்கும்: "அண்ணா, கராஜ்ல வாட்டர் ஹீட்டர் அடியில தண்ணி நிக்குது. தெரிஞ்ச ஆள் யாராச்சும் இருக்காங்களா? அவசரம்." கேட்ட சூட்டோடு ஏழெட்டு பதில் வந்துவிடும். ஒருவர் நம்பர் தருவார். இன்னொருவர், "பாதி விலைக்கே முடிச்சுக் குடுப்பார், பெர்மிட் கிர்மிட்னு தொல்லை இல்ல" என்று சிபாரிசு செய்வார். சிக்கல் ஆரம்பிப்பது அந்த இரண்டாவது பதிலில்.

பெர்மிட் என்றால் நகராட்சிக்கு அழும் தண்டக் காசு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஊரில் நாம் பார்த்த அலுவலகங்களின் ஞாபகம் அப்படி நினைக்க வைக்கிறது. இங்கே அந்தக் கட்டணத்துக்குக் கிடைப்பது என்னவென்றால், வேலை செய்தவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஆள் டார்ச்சோடு வந்து, கேஸ் இணைப்பையும் புகைக்குழாயையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார். மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. மற்ற வேலைகளில் எப்படியோ, கேஸ் விஷயத்தில் அதைக் கொடுத்துவிடுங்கள் என்பதே என் கட்சி.

சான்ஹோசே, ஃப்ரீமாண்ட், சன்னிவேல், டப்ளின் பக்கம் முதல்முறையாகச் சொந்த வீட்டுக்குக் குடிபோனவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வாடகை வீடு என்றால் வேலை சுலபம். வெந்நீரும் ஹீட்டிங்கும் ஒழுங்காக இருக்கும்படி பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு. ஈமெயிலில் தெரிவித்துவிட்டு, நீங்கள் எதிலும் கை வைக்காமல் இருந்தால் போதும்.

கேஸ் வாடை வந்தால்

மற்றதெல்லாம் அப்புறம். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் லைட் சுவிட்சைத் தொடாதீர்கள், கராஜ் கதவை மோட்டாரில் திறக்காதீர்கள். எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறி, வீட்டைவிட்டுத் தள்ளி நின்றுகொண்டு 911-ஐ அழையுங்கள். பிறகு பிஜி அண்ட் ஈ என்கிற கேஸ் கம்பெனிக்கு: 1-800-743-5000. அவர்கள் வந்து சோதிப்பதற்குக் காசு கிடையாது. பாலோ ஆல்ட்டோவில் மட்டும் கேஸ் விநியோகம் நகராட்சியின் கையில் இருக்கிறது. அங்கே அழைக்க வேண்டிய எண் உங்கள் பில்லில் இருக்கும்.

மீட்டருக்குப் பக்கத்துக் குழாயில் ஒரு வால்வு இருக்கும். ஸ்பேனரால் கால் சுற்று திருப்பி, அதன் காது குழாய்க்குக் குறுக்கே வந்துவிட்டால் வீட்டுக்கு கேஸ் நின்றுவிட்டது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்ததுமே அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். ஆனால் மூடியதை நீங்களே திறக்கக் கூடாது. கம்பெனி ஆள் வந்து, கசிவு இல்லை என்று பார்த்து, பைலட்டுகளை (சாதனங்களுக்குள் எப்போதும் எரியும் சிறு தீயை) பற்றவைத்துக் கொடுப்பார்.

ஊரில் சிலிண்டர் மாட்டி, சோப்பு நுரை வைத்துப் பார்த்துப் பழகிய நமக்கு ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் தங்கும். இங்கே குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். காற்றைவிட லேசு, மேலே ஏறும்.

ரிப்பேரா, மாற்றமா?

பெர்மிட் கேள்விக்கு முக்கால்வாசி விடை இந்த ஒரு கோட்டில் இருக்கிறது. பெர்மிட் தேவையில்லாத வேலைகளுக்குக் கலிபோர்னியாவின் கட்டட விதிகளில் ஒரு பட்டியல் உண்டு. கேஸ் விஷயத்தில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, கையோடு எடுத்து நகர்த்தக்கூடிய ஹீட்டர், அடுப்பு, டிரையர் மாதிரியான சாதனங்கள். இன்னொன்று, பாதுகாப்பைக் கெடுக்காமல், சாதனத்துக்குக் கிடைத்திருக்கும் அங்கீகாரம் மாறாமல் செய்யக்கூடிய சிறு உதிரிப்பாக மாற்றங்கள்.

நடைமுறையில், பைலட் அணைந்துகொண்டே இருக்கிறது என்று தெர்மோகப்பிள் (பைலட் எரிகிறதா என்று உணரும் சிறு கம்பி) மாற்றினால் பெர்மிட் வேண்டாம். வாட்டர் ஹீட்டரின் ஆனோடு ராடு (டேங்க் துருப்பிடிக்காமல் காக்கும் கம்பி), ஃபர்னஸின் (வீட்டைச் சூடாக்கும் கேஸ் கருவியின்) இக்னைட்டர், ஃப்ளேம் சென்சார், தெர்மோஸ்டாட், அடுப்பின் பர்னர் எல்லாம் அதே கணக்கு. ஹீட் எக்ஸ்சேஞ்சர் (ஃபர்னஸுக்குள் காற்றைச் சூடாக்கும் உலோக அறை) மாதிரி பெரிய பாகம் என்றால் நகரத்தின் பில்டிங் டிபார்ட்மென்டுக்கு ஒரு ஈமெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். எழுத்தில் வந்த பதில் நாளைக்கும் உதவும்.

வாட்டர் ஹீட்டரையோ ஃபர்னஸையோ முழுதாகக் கழற்றிப் புதிது வைத்தால் பெர்மிட் வேண்டும். கேஸ் குழாயைப் புதிதாக இழுத்தாலும், நீட்டினாலும், இடம் மாற்றினாலும் வேண்டும். புகைக்குழாயின் பாதையை மாற்றினால், டேங்க் ஹீட்டரை எடுத்துவிட்டு டேங்க்லெஸ் (தண்ணீரைச் சேர்த்து வைக்காமல் தேவைப்படும்போதே சூடாக்கும் ஹீட்டர்) வைத்தால், தோட்டத்து பார்பிக்யூவுக்கு கேஸ் லைன் போட்டால் எல்லாவற்றுக்கும் வேண்டும். வெளியே பள்ளம் தோண்டிக் குழாய் பதிப்பதாக இருந்தால் அதற்கு முன் 811-ஐ அழைக்க வேண்டும். மண்ணுக்கடியில் ஏற்கெனவே போகும் லைன்களை இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள்.

"அதே பிராண்ட், அதே 50 கேலன், அதே இடம். எதுவுமே மாறலையே, எதுக்குப் பெர்மிட்?" என்று கேட்காதவர் இல்லை. டேங்க் அதேதான், சரி. ஆனால் கேஸ் இணைப்பு, தண்ணீர் இணைப்பு, புகைக்குழாய் இணைப்பு மூன்றையும் கழற்றித் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். தப்பு நடக்கும் இடம் டேங்குக்கு உள்ளே இல்லை, இந்த மூட்டுகளில்தான். போதாததற்கு, பழைய ஹீட்டர் 12 வருடத்துக்கு முந்தைய விதிப்படி வைத்ததாக இருக்கும். புதியது இன்றைய விதிப்படி இருக்க வேண்டும்.

எந்த அலுவலகம்?

உங்கள் வீடு எந்த நகர எல்லைக்குள் இருக்கிறதோ அந்த நகரத்தின் பில்டிங் டிபார்ட்மென்ட். தபால் முகவரியில் சான்ஹோசே என்று இருந்தாலே சான்ஹோசே நகரம் என்று அர்த்தமில்லை. எந்த நகரத்திலும் சேராத திட்டுகள் உண்டு, அவற்றுக்கு கவுண்டிதான் பெர்மிட் தரும். சொத்து வரி ரசீதையோ நகரத்தின் வரைபடத்தையோ பார்த்தால் தெரிந்துவிடும்.

வாட்டர் ஹீட்டர் மாதிரி சாதாரண வேலைகளுக்குப் பல நகரங்களில் வரைபடம் எதுவும் கேட்காமல் ஆன்லைனிலேயே பெர்மிட் கிடைத்துவிடும். முகவரி, ஹீட்டரின் கொள்ளளவு, பிடியு அளவு (அது எரிக்கும் வெப்பத்தின் கணக்கு), வேலையின் மதிப்பு, காண்ட்ராக்டரின் லைசென்ஸ் எண் இவ்வளவுதான் கேட்பார்கள். டவுன்ஹவுஸ், காண்டோ என்றால் அசோசியேஷன் (வீட்டு உரிமையாளர் சங்கம்) அனுமதியும் தனியாக வேண்டியிருக்கலாம், முக்கியமாகப் புகைக்குழாய் கூரையையோ வெளிச்சுவரையோ தொடுகிறது என்றால்.

ஞாயிற்றுக்கிழமை இரவு ஹீட்டர் வெடித்து ஒழுகினால்? அவசர மாற்றத்தை உடனே செய்துகொள்ளலாம், அடுத்த வேலை நாளில் விண்ணப்பித்தால் போதும் என்று விதியே இடம் கொடுக்கிறது. ஆகவே "அவசரம், அதனால பெர்மிட் எடுக்க முடியல" என்பது செல்லாத சாக்கு.

யார் பெயரில் பெர்மிட்?

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பணம் போவதும் மனஸ்தாபம் வருவதும் இந்த இடத்தில்தான்.

கலிபோர்னியாவில் பிளம்பிங் காண்ட்ராக்டரின் லைசென்ஸ் சி-36, ஹீட்டிங், ஏசி வேலைக்கு சி-20. இரண்டையும் கொடுப்பது சிஎஸ்எல்பி என்கிற மாநில வாரியம். அதன் இணையதளத்தில் லைசென்ஸ் எண்ணைப் போட்டால், அது உயிரோடு இருக்கிறதா, 25,000 டாலர் பாண்ட் (பிணைப் பத்திரம்) இருக்கிறதா, வேலையாட்களுக்குக் காப்பீடு இருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடும். காப்பீட்டு வரியை நிதானமாகப் படியுங்கள். "எனக்கு ஊழியர்களே இல்லை" என்று எழுதிக்கொடுத்து விலக்கு வாங்கிய ஒருவர், உங்கள் வீட்டுக்கு இரண்டு பேரோடு வந்து இறங்கினால் கேள்வி கேட்க வேண்டிய நேரம் அது.

லைசென்ஸ் இல்லாத கைவேலைக்காரர் சின்னச் சின்ன வேலை செய்ய சட்டம் இடம் தருகிறது. 500 டாலராக இருந்த வரம்பு 2025 ஜனவரி 1 முதல் 1,000 டாலர். ஆனால் அதிலேயே ஒரு நிபந்தனை: பெர்மிட் தேவைப்படும் வேலைக்கு அந்தச் சலுகை கிடையாது. அதாவது 900 டாலருக்கு வாட்டர் ஹீட்டர் மாற்றித் தருகிறேன் என்று லைசென்ஸ் இல்லாத ஒருவர் சொன்னால், தொகை வரம்புக்குள் இருந்தாலும் வேலை சட்டத்துக்கு வெளியே.

ஃபோனில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "பெர்மிட்டும் இன்ஸ்பெக்‌ஷனும் இந்த விலையிலேயே அடக்கமா?" வரும் பதில்களை இப்படிப் புரிந்துகொள்ளலாம். "ஆமாம், எங்க பேர்லயே எடுப்போம்" என்றால் பேச்சைத் தொடருங்கள். "இந்த மாதிரி வேலைக்குப் பெர்மிட்டே தேவையில்லை" என்றால் அவருக்கு விதி தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். "நீங்களே எடுத்துக்குங்க, 200 டாலர் குறைச்சுக்கறேன்" என்பதுதான் மூன்றிலும் மோசம். வீட்டுக்காரர் தன் பெயரில் எடுக்கும் பெர்மிட்டில், வேலைக்கு நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். லைசென்ஸ் இல்லாதவரை வைத்து வேலை வாங்கி, அவருக்குக் கையில் அடிபட்டால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் முதலாளி ஆகிவிடலாம். 200 டாலருக்கு அந்தப் பதவி வேண்டாம்.

உங்கள் வீட்டு வேலையை உங்கள் கையாலேயே செய்வதற்காக நீங்கள் பெர்மிட் எடுப்பது வேறு விஷயம். அது சட்டப்படி சரி. யூடியூப் பார்த்து வாஷ்பேசின் குழாய் மாற்றியவர்கள் கேஸ் குழாயிலும் இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன், ஆனால் தடையில்லை.

நம் ஆட்களிடம் வேறொரு தயக்கம் உண்டு. வேலைக்கு வருபவர் தமிழர், கோயிலில் பார்த்த முகம், மனைவியின் தோழிக்கு உறவு. அவரிடம் போய் லைசென்ஸ் கேட்பது அவமரியாதை மாதிரி தோன்றும். ஒரு வழி சொல்கிறேன்: "அண்ணா, இன்சூரன்ஸ்காரங்க கேட்பாங்க, எஸ்டிமேட்ல உங்க லைசென்ஸ் நம்பரையும் போட்டுடுங்க." லைசென்ஸ் உள்ளவர் தயங்காமல் போட்டுக் கொடுப்பார், அவர் விளம்பரத்திலேயே அந்த எண் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். "எதுக்குப்பா அதெல்லாம், நான் இருக்கேன்ல" என்று வந்தால் விடை கிடைத்துவிட்டது. டீ கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

முன்பணத்துக்கும் உச்சவரம்பு இருக்கிறது. வீட்டுப் பராமரிப்பு வேலைக்கு மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. "பாதி இப்பவே குடுத்தாத்தான் ஹீட்டர் வாங்க முடியும்" என்பவர் சட்டத்தை மீறித்தான் கேட்கிறார். ஒப்பந்தத்தில் "கடைசித் தவணை, இறுதி இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆன பிறகு" என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்பு பேசினால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். முடிந்த பிறகு பேசினால் சண்டை.

வாட்டர் ஹீட்டர்: இன்ஸ்பெக்டர் எதைப் பார்ப்பார்

இதைத் தெரிந்து வைத்திருந்தால் அவர் வருவதற்கு முன்பே நீங்கள் ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

முதலில் பட்டைகள். 50 கேலன் தண்ணீரே 400 பவுண்டுக்கு மேல் எடை. பூகம்பத்தில் அது சரிந்தால் கேஸ் குழாய் பிய்ந்து, உடைந்த இடத்திலேயே தீப்பிடிக்கும். அதனால் கலிபோர்னியாவில் டேங்கைச் சுவரோடு பிணைக்க வேண்டும். இரும்புப் பட்டை இரண்டு: ஒன்று டேங்கின் மேல் மூன்றில் ஒரு பங்கில், ஒன்று கீழ் மூன்றில் ஒரு பங்கில். கீழ்ப்பட்டை கன்ட்ரோலுக்குக் குறைந்தது 4 அங்குலம் மேலே இருக்க வேண்டும். பட்டையைப் பிடித்திருக்கும் போல்ட் சுவருக்குள் இருக்கும் மரத்தில் இறங்கியிருக்க வேண்டும், வெறும் ஷீட்ராக்கில் (மேலே அடித்த சுவர்ப்பலகையில்) இறங்கினால் உதவாது. வீட்டை விற்கும்போது, ஹீட்டர் ஒழுங்காகப் பிணைக்கப்பட்டிருக்கிறது என்று விற்பவர் எழுத்தில் சான்று தர வேண்டும்.

அடுத்தது டேங்கின் பக்கவாட்டிலோ உச்சியிலோ இருக்கும் பாதுகாப்பு வால்வு. குக்கரின் சேஃப்டி வால்வு செய்யும் வேலைதான் இதற்கும். உள்ளே அழுத்தம் 150 பிஎஸ்ஐ அல்லது வெப்பம் 210 டிகிரி ஃபாரன்ஹீட் ஆனால் திறந்து வெளியே விடும். அதிலிருந்து ஒரு குழாய் கீழ்நோக்கியே போய் வெளியே முடிய வேண்டும், தரைக்கு 6 அங்குலத்துக்குக் குறையாமல், 24 அங்குலத்துக்கு மிகாமல். நுனியில் மரை இருக்கக் கூடாது. மரை இருந்தால் சொட்டுகிறது என்று யாராவது மூடி போட்டு இறுக்கிவிடுவார்கள், அப்புறம் டேங்க் ஒரு வெடிகுண்டு.

கேஸ் பக்கம், ஹீட்டருக்கென்று தனி ஷட்-ஆஃப் வால்வு இருக்கிறதா, இணைப்பு ஹோஸ் புதியதா என்று பார்ப்பார். பழைய ஹோஸைத் திரும்ப மாட்டக் கூடாது. வால்வுக்குப் பக்கத்தில் குழாய் நேராகக் கீழே இறங்கி, குறைந்தது 3 அங்குலத்துக்கு மூடிய நுனியோடு தொங்கும். குழாயில் வரும் தூசியும் துருவும் பர்னருக்குப் போகாமல் அதில் விழும். மலிவாக வேலை செய்பவர்கள் முதலில் விடுவது இந்தச் சின்னத் துண்டைத்தான்.

புகைக்குழாய்தான் உயிர் விஷயம். ஹீட்டரிலிருந்து சாயும் குழாய் ஒவ்வொரு அடிக்கும் கால் அங்குலமாவது மேல்நோக்கி ஏற வேண்டும், மூட்டுகளில் திருகு போட்டிருக்க வேண்டும். மட்டமாகவோ கீழ்நோக்கியோ போனால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. நீங்களே ஒரு சோதனை செய்யலாம். ஜன்னல் கதவுகளை மூடி, குளியலறை, சமையலறை ஃபேன்களைப் போட்டுவிட்டு, ஹீட்டர் எரிய ஆரம்பித்து 5 நிமிடம் கழித்து, ஊதி அணைத்த தீக்குச்சியை டேங்க் தலையில் இருக்கும் டிராஃப்ட் ஹூடின் (புகைக்குழாய் தொடங்கும் இடத்துக் குடை மாதிரி மூடியின்) விளிம்பில் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். உங்கள் முகத்தை நோக்கி வந்தால் ஹீட்டரை அணைத்துவிட்டு வைத்தவரைக் கூப்பிடுங்கள். கேஸ் வாடை துளியும் இல்லாத இடத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

கராஜில் இருக்கும் ஹீட்டருக்கு இன்னும் இரண்டு. பெட்ரோல் ஆவி தரையோடு படிந்து வரும் என்பதால், தீப்பொறி வரும் பாகம் தரையிலிருந்து 18 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. இப்போது வரும் டேங்குகளில் ஆவியைப் பற்றவிடாத அமைப்பு இருப்பதால் விலக்கு உண்டு. கார் வந்து இடிக்கும் வழியில் ஹீட்டர் நின்றால் முன்னால் இரும்புக் கம்பம் ஒன்று நட வேண்டும்.

பாதிப் பேர் எதிர்பார்க்காதது அலாரம். வேலையின் மதிப்பு 1,000 டாலரைத் தாண்டினால் வீட்டில் புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் விதிப்படி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அல்லது படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும் புகை அலாரம். படுக்கையறைகளுக்கு வெளியேயும் ஒவ்வொரு மாடியிலும் இரண்டு வகையும். கடையில் இரண்டும் சேர்ந்த ஒரே சாதனம் கிடைக்கும், இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தைய நாளே மாட்டிவிடுங்கள்.

டேங்க்லெஸ் ஆசை இருந்தால் ஒரு கணக்கு. சாதாரண டேங்க் ஹீட்டர் மணிக்குச் சுமார் 40,000 பிடியு எரிக்கும். வீட்டுக்கான பெரிய டேங்க்லெஸ் 199,000 வரை போகும். ஐந்து மடங்கு கேஸ் அதே ஒல்லிக் குழாயில் வராது. குழாயைப் பெரிதாக்க வேண்டும், புகைக்குழாய் வேறு, மின் இணைப்பு வேறு, சில வீடுகளில் மீட்டரே போதாமல் பிஜி அண்ட் ஈக்குத் தனி விண்ணப்பம். புதிய கேஸ் குழாயில் 10 பிஎஸ்ஐ காற்றை ஏற்றி, 15 நிமிடம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்த்த பிறகுதான் சுவரை மூடலாம். "ஹீட்டர் விலை இவ்வளவுதானே" என்று கிளம்பியவர்கள் விழிப்பது இந்த இடத்தில்.

ஃபர்னஸ்

ஃபர்னஸுக்கு மெக்கானிக்கல் பெர்மிட். மேலே சொன்ன கேஸ், புகைக்குழாய் விஷயங்கள் இதற்கும் பொருந்தும். கூடுதலாக, கலிபோர்னியாவின் எரிசக்தி விதிப்படி டக்ட்டில் (சூடான காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் குழாயில்) காற்றுக் கசிவு எவ்வளவு என்று அளக்க வேண்டிவரும். அதில் சில அளவுகளை, காண்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லாத சான்று பெற்ற சோதனையாளர் வந்து எடுத்துப் பதிவு செய்ய வேண்டும். எஸ்டிமேட்டில் அந்தச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் பெர்மிட் முடியாது.

யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். பழைய வீடுகளில் ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் ஒரே புகைக்குழாயில் சேர்ந்து மேலே போகும். புதிய உயர்திறன் ஃபர்னஸ் தன் புகையைத் தனி பிளாஸ்டிக் குழாயில் வெளியே விடும். மிச்சமிருக்கும் வாட்டர் ஹீட்டர், இருவருக்காகப் போட்ட அகலக் குழாயில் தனியாக மாட்டிக்கொள்ளும். அதன் புகைக்கு அவ்வளவு பெரிய குழாயைச் சூடாக்கி மேலே ஏறும் தெம்பு இருக்காது, குளிர்ந்து திரும்பி வரும். ஃபர்னஸ் வைப்பவரிடம் "வாட்டர் ஹீட்டரின் வென்ட் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும் விதத்திலேயே ஆளை எடைபோட்டுவிடலாம்.

அடுப்பு, டிரையர்

இதில் தலைவலி குறைவு. இருக்கும் கேஸ் இணைப்பிலேயே பழையதை எடுத்துப் புதியதை வைத்தால் பெரும்பாலான நகரங்கள் பெர்மிட் கேட்பதில்லை. அடுப்பை ஐலண்டுக்கு (சமையலறை நடுவில் இருக்கும் மேடைக்கு) நகர்த்தினால், மின் அடுப்பிலிருந்து கேஸுக்கு மாறினால் குழாய் வேலை வரும், பெர்மிட்டும் வரும். ஹோஸ் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும், 6 அடிக்கு மிகக் கூடாது, சுவரைத் துளைத்துப் போகக் கூடாது. பழைய வீட்டில் அடுப்புக்குப் பின்னால் மேல்பூச்சு இல்லாத மஞ்சள் பித்தளை ஹோஸ் இருந்தால் அடுப்பை இழுத்து எட்டிப்பார்க்கவும் வேண்டாம். இழுக்கும் இழுப்பிலேயே மூட்டு விட்டுவிடும் ரகம் அது. தெரிந்தவரைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள்.

இன்ஸ்பெக்‌ஷன் நாளும் பிறகும்

வேலை முடிந்ததும் காண்ட்ராக்டரோ நீங்களோ ஆன்லைனில் இன்ஸ்பெக்‌ஷன் நாள் குறிக்கலாம். வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். ஃபர்னஸ் அட்டிக்கில் என்றால் ஏணி தயாராக இருக்கட்டும். ஹீட்டர் முன்னால் அடுக்கிய அட்டைப்பெட்டிகளையும் அரிசி மூட்டையையும் நகர்த்தி வையுங்கள், ஹீட்டரோடு வந்த கையேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். குறை சொன்னால் பயம் வேண்டாம். ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார், காண்ட்ராக்டர் வந்து சரிசெய்வார், மறுபடி பார்ப்பார்கள். அதற்கு வேலைக்காரரே பொறுப்பு, தனிக் காசு கேட்கக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகு. பெர்மிட் எடுத்தாயிற்று, வெந்நீர் வருகிறது, காசும் கொடுத்தாயிற்று. இறுதி இன்ஸ்பெக்‌ஷனை யாரும் கூப்பிடவே இல்லை. கிடப்பில் போட்ட பெர்மிட் ஒருநாள் காலாவதியாகும், நகரத்தின் பதிவேட்டில் முடியாத வேலையாகவே நிற்கும். வேலை முடிந்த சில நாளில் நகரத்தின் இணையதளத்தில் உங்கள் முகவரியைத் தேடி, அந்தப் பெர்மிட் "ஃபைனல்" ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். திரையைப் படமெடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். விற்கும்போது, பெர்மிட் இல்லாமல் செய்த மாற்றங்கள் ஏதும் உண்டா என்ற கேள்விக்கு நீங்கள் படிவத்தில் பதில் எழுதியாக வேண்டும்.

2027-ஐ ஞாபகம் வையுங்கள்

பே ஏரியாவின் காற்றுத்தர மாவட்டம் 2023 மார்ச்சில் ஒரு விதி கொண்டுவந்தது. நைட்ரஜன் ஆக்சைடு வெளிவிடும் புதிய வாட்டர் ஹீட்டர்களை, 75,000 பிடியுவுக்குக் குறைந்த வீட்டு ரகத்தில், 2027 ஜனவரியிலிருந்து நிறுத்துவது. ஃபர்னஸ்களை 2029-லிருந்து நிறுத்துவது. நடைமுறையில் இதற்கு அர்த்தம் மின்சார ஹீட் பம்ப் (சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துச் சூடாக்கும் கருவி). விதிவிலக்குகள் பற்றி அதன் பிறகும் மாவட்டத்தில் பேச்சு நடந்து வந்திருக்கிறது, ஆகவே வாங்கும் சமயத்தில் மாவட்டத்தின் தளத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஹீட்டரை யாரும் பிடுங்கப் போவதில்லை, ரிப்பேர் செய்யவும் தடையில்லை. உங்கள் டேங்குக்கு பத்து வயது தாண்டியிருந்தால், கராஜில் 240 வோல்ட் இணைப்பு கொண்டுவர எவ்வளவு ஆகும் என்று ஒரு எலக்ட்ரீஷியனிடம் இப்போதே கேட்டு வைப்பது நல்லது. ஒழுக ஆரம்பித்த பிறகு அந்த எஸ்டிமேட்டுக்குக் காத்திருந்தால் வாரக்கணக்கில் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டியதுதான்.

ஏற்கெனவே பெர்மிட் இல்லாமல் வைத்திருந்தால்

நீங்கள் வைத்ததோ, வீட்டை விற்றவர் வைத்துவிட்டுப் போனதோ, வழி ஒன்றுதான். நகரத்திடம் போய், முடிந்த வேலைக்குப் பெர்மிட் கேட்கலாம். பல நகரங்களில் கட்டணம் இரட்டிப்பாகும். இன்ஸ்பெக்டர் இன்றைய விதிப்படிதான் பார்ப்பார், பட்டையோ வென்டோ சரியில்லை என்றால் சரிசெய்யச் சொல்வார். ஹீட்டரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டை ஃபோனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். கம்பெனி, மாடல், பிடியு, சீரியல் எண் எல்லாம் அதில் இருக்கும். சீரியல் எண்ணை வைத்து எந்த வருடம் செய்தது என்றும் கண்டுபிடித்துவிடலாம். அதன் ஆயுள் முடியும் தறுவாயில் இருந்தால் பழையதற்குப் பெர்மிட் எடுத்து, இரட்டிப்புக் கட்டணம் கட்டி, பட்டை மாற்றிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. புதியதை வைத்து, அதற்குப் பெர்மிட் எடுங்கள்.